பீர் பில்லிங்கில் இருவராகப் பாராகிளைடிங் கற்பது: காசுக்கு ஏற்ற பயிற்சிதானா?

பறக்கும் இடம் என்று பார்த்தால் பீர் பில்லிங்குக்கு ஐந்துக்கு ஐந்து. அனா ஆவன்னாவிலிருந்து கற்கும் இடம் என்று பார்த்தால் மூன்றரை. அந்த ஒன்றரை எங்கே குறைகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். இமாச்சலுக்குச் சுற்றுலா போகும் கணவன் மனைவியோ நண்பர்கள் இருவரோ "போகிற போக்கில் ஒரு கோர்ஸும் முடித்துவிட்டு வரலாம்" என்று கிளம்பும்போது, சறுக்குவது பெரும்பாலும் அந்த ஒன்றரையில்தான்.

முதலில் இடம். காங்க்ரா மாவட்டத்தில் தௌலாதார் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பில்லிங் இருக்கிறது. உயரம் சுமார் 2,400 மீட்டர். டேக் ஆஃப் அங்கேதான், புல் சரிவு. கீழே பீர் கிராமத்து லேண்டிங் மைதானம் சுமார் 1,400 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே 14 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்க வேண்டும். ஆகாய வழியில் அதில் பாதி தூரம்கூட இல்லை. ஆரம்பநிலை விங் (ஆளைத் தூக்கும் துணி இறக்கை) அசையாத காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் இறங்கும். ஆயிரம் மீட்டரை 1.2-ஆல் வகுத்தால் சுமார் 14 நிமிடம். தெர்மல், அதாவது சூடாகி மேலெழும் காற்று, தூக்காத காலை நேரத்தில் ஒரு மாணவர் தனியாகப் பறக்கும் நேரம் அவ்வளவுதான். "அரை மணி நேரம் பறக்கலாம்" என்று விளம்பரம் சொன்னால் அது தெர்மலில் ஏறி நிற்கும் அனுபவசாலியின் கணக்கு. 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. அந்தத் தரத்துப் பைலட்டுகள் தேடி வரும் மலை இது என்பதை மனதில் வையுங்கள். பயிற்சிக்கென்று செதுக்கிய மலை அல்ல.

ஒன்றரை குறைவதற்குக் காரணம் அந்த ஆயிரம் மீட்டர்தான். பீரில் பயிற்சிச் சரிவு என்று காட்டுவது பெரும்பாலும் கிராமத்தை ஒட்டிய மேடு. இருபது, முப்பது மீட்டர் சரிவில் ஓடி, காலை ஒரு சில நொடி தரையிலிருந்து தூக்கி, மறுபடி இறங்குவீர்கள். அதற்கு அடுத்த படி நேராக பில்லிங். நடுவில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று படிக்கட்டே இல்லை. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் காம்ஷெட்டில் இந்தப் படிக்கட்டு இருக்கிறது. சிறிய குன்று, அடுத்து கொஞ்சம் பெரிய குன்று, சீரான காற்று. அக்டோபர் முதல் மே வரை பயிற்சி நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வழியும் குறைவு. தரைப் பயிற்சியையும் குட்டிப் பறத்தலையும் அங்கே முடித்துவிட்டு, உயரமான பறத்தலுக்கு பீருக்குப் போவது எங்கள் கணக்கில் சரியான வரிசை. இரண்டுக்கும் லீவு கிடைக்காது, பீர் மட்டும்தான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் பள்ளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காம்ஷெட்டில் கற்று பில்லிங் ஏறுகிறவர்களையும் ஒரு விஷயம் திகைக்க வைக்கும். 2,400 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே விங் அதே ஆளைத் தூக்க அங்கே பன்னிரண்டு சதவீதம் அதிக வேகம் கேட்கும். கீழே எட்டுக் காலடியில் தூக்கிய விங் மேலே பத்துக் காலடி ஓட வைக்கும். "தூக்கவில்லையே" என்று நடுவில் ஓட்டத்தைத் தளர்த்துவதுதான் பில்லிங்கில் தோற்றுப்போன டேக் ஆஃப்களின் பொதுக் கதை.

கோர்ஸின் பெயர்களைப் பற்றி. பி1, பி2 என்று எல்லாப் பள்ளியும் சொல்லும். பி1 என்றால் தரைப் பயிற்சியும் குட்டிப் பறத்தலும். மூன்று, நான்கு நாள். பி2 என்றால் ரேடியோ வழிகாட்டலில் உயரத்திலிருந்து தனியாகப் பறத்தல்; இன்னும் நான்கைந்து நாள். தெர்மலில் ஏறுவது பி3-க்கு மேல். கையில் கிடைக்கும் சான்றிதழ் எந்த அமைப்பினுடையது என்று கேட்க வேண்டும். பாராகிளைடிங் பைலட்டுகள், பயிற்சியாளர்களின் சர்வதேசச் சங்கமான ஆப்பியின் (APPI) முறையில் பதிவாகும் சான்று வெளிநாட்டிலும் செல்லும். பள்ளி தன் பிரிண்டரில் அச்சடித்துக் கொடுக்கும் தாள் அந்தப் பள்ளிக்கு வெளியே செல்லாது. "பத்து நாளில் டேண்டம் பைலட் ஆக்கிவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். வேறொரு உயிரை முன்னால் கட்டிக்கொண்டு பறக்க நூற்றுக்கணக்கான பறத்தல்கள் கைவசம் இருக்க வேண்டும்.

நாட்களைப் பார்த்துப் பள்ளியை மதிப்பிடாதீர்கள். தரைப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விங் கொடுத்து "மாறி மாறிப் பிடியுங்கள்" என்றால் ஆறு மணி நேரம் என்பது தலைக்கு மூன்று மணி நேரம்தான். பில்லிங் ஏறுவதற்கு முன் ஒருவர் விங்கைத் தலைக்கு மேல் ஒரு நிமிடமாவது விழாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். வாய்ப்பு கிடைக்கும்போது ஐந்து நிமிடம். மூன்றாம் நாளே பில்லிங் என்று அட்டவணை போட்டு, காற்று எப்படி இருந்தாலும் அதை நிறைவேற்றும் பள்ளி சுற்றுலா ஏஜென்சிதான்.

தரைப் பயிற்சியில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான், கற்பிக்கிறார்களா என்று நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். விங்கை விரிக்கும்போது நடுப்பகுதி மேட்டுப் பக்கம் உயர்ந்தும் இரு ஓரங்கள் தாழ்ந்தும் குதிரை லாட வடிவில் இருக்க வேண்டும். நேர்க்கோடாக விரித்தால் ஓரங்கள் முதலில் காற்றை வாங்கி உள்ளே மடியும். கயிறுகளை ஆளோடு இணைக்கும் பட்டைகள்தான் ரைசர்கள். அவற்றில் ஏ, பி, சி, பிரேக் (விங்கின் பின்விளிம்பை இழுப்பது) என்று கயிற்று வரிசைகள். ஏ வரிசைக் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எதுவும் எதன் மேலும் ஏறவில்லை, புல்லிலோ கல்லிலோ மாட்டவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ஐந்து சோதனை: ஹெல்மெட்டும் பட்டைகளும், காராபைனர்களும் (பூட்டுக் கொக்கிகள்) ரைசரும், கயிறுகள், விங், காற்றும் வானமும். பட்டைகளில் முதலில் பூட்ட வேண்டியது கால் பட்டை. ஹெல்மெட்டையும் நெஞ்சுப் பட்டையையும் போட்டுக்கொண்டு, கால் பட்டையை மறந்து ஓடுகிறவர் ஹார்னஸிலிருந்து (பட்டைகளோடு கூடிய இருக்கை) நழுவி அக்குளில் தொங்குவார். உலகம் முழுக்க அனுபவசாலிகளையும் கொன்றிருக்கும் மறதி இது. போட்டோ எடுப்பதற்காக நடுவில் ஒரு பட்டையைக் கழற்றினால், ஐந்தையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது.

ஓட்டத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஏ ரைசர் இரண்டும் விரல்களின் மேல் கிடக்க வேண்டும், இறுகப் பிடிக்கக் கூடாது. பிரேக் கைப்பிடி அதே கைகளில். உடம்பை முன்னே சாய்த்து இரண்டு எட்டு வைத்ததும் விங் பின்னாலிருந்து இழுக்கும். பாரவண்டி இழுப்பது போல நெஞ்சால் இழுக்க வேண்டும், கையால் அல்ல. கையால் இழுத்தால் முன்விளிம்பு மடிந்து விங் முகத்தில் வந்து விழும். விங் தலைக்கு மேல் ஏறும்போது இழுவை சட்டெனக் குறையும். அந்தக் கணத்தில் ஏ ரைசரை விட்டுவிட்டு, காது உயரம் வரை பிரேக்கைத் தொட்டு, விங் முன்னே பாயாமல் நிறுத்தி, ஒரு பார்வை மேலே. சரியாக நிமிர்ந்திருந்தால் ஓடு. கோணலாக இருந்தால் அதன் கீழே போய் நில், இல்லையென்றால் நிறுத்து. முடிவுக்கு இருப்பது அந்த ஒரு நொடிதான். ஓட முடிவெடுத்தவர் கால் காற்றில் உதைக்கும் வரை ஓட வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. லேசாகத் தூக்கியதும் நாற்காலியில் உட்காருவது போல ஹார்னஸில் குதித்து உட்கார்ந்துவிடுவார்கள். விங் இன்னும் முழு எடையை வாங்கியிருக்காது. பின்பகுதி சரிவில் இடிக்கும். பயிற்சியாளர் "ஓடு, ஓடு, ஓடு" என்று கத்துவது இதற்குத்தான்.

காற்று மணிக்கு பத்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் விங்கைப் பார்த்தபடி நின்று தூக்கி, பிறகு திரும்பி ஓடும் முறை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை விங் தூக்குவதற்கு முன்பே கைகளை முறுக்கிக்கொண்ட விதம் தீர்மானித்துவிடும். மாறித் திரும்பினால் ரைசர்களில் ஒரு முழு முறுக்கு ஏறும். இதைத் தரையில் ஐம்பது தடவையாவது செய்யாமல் மேலே முயலவே கூடாது.

மேலே போனதும் ரேடியோதான் ஆசிரியர். டேக் ஆஃபில் ஒருவர், லேண்டிங்கில் ஒருவர் என்று இரண்டு பயிற்சியாளர் இருந்தாக வேண்டும். இதில் சமரசம் கிடையாது. மேலே இருக்கும் ஒருவரே ஜீப்பில் விரைந்து கீழே வந்து இறக்குவார் என்ற ஏற்பாடு நடக்காத காரியம். முக்கால் மணி நேரப் பாதை, பதினாலு நிமிடப் பறத்தல், கணக்கே உதைக்கிறது. கிளம்புவதற்கு முன் ரேடியோ சார்ஜ், வால்யூம், சேனல் மூன்றையும் பார்க்க வேண்டும். ரேடியோ செத்துவிட்டால் என்ன செய்வது என்ற திட்டத்தைத் தரையிலேயே வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும்: எந்த மலைமுகட்டைத் தாண்டக் கூடாது, எந்தக் கோயில் அல்லது தோட்டத்தின் மேல் உயரத்தைக் கரைக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து மைதானத்துக்குள் நுழைய வேண்டும்.

தாண்டக் கூடாத முகடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லிங்குக்குப் பின்னால் தௌலாதாரின் உயர்ந்த சிகரங்கள், 4,000 மீட்டருக்கு மேலே. முன்பக்கம் சாலையும் கிராமமும். பின்பக்கம் பள்ளத்தாக்கும் பாறையும், செல்போன் சிக்னல் இல்லாத காடும். அங்கே விழுந்தால் தேடுவதற்கே நாள் கணக்கில் ஆகும். மாணவர் அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் கிடையாது. டேக் ஆஃப் ஆனதும் பள்ளத்தாக்கைப் பார்த்து வெளியே வந்துவிட வேண்டும்.

அடுத்தது லேண்டிங். அடிபடும் இடங்களில் முதுகெலும்பும் கணுக்காலும் முன்னிற்பது இதனால்தான். பீரில் காற்றின் திசையைப் பார்க்க விண்ட்சாக் (காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய்) மட்டுமல்ல, திபெத்தியக் காலனி வீடுகளின் மொட்டை மாடியில் கட்டிய பிரார்த்தனைக் கொடிகளும் உதவும். ஐம்பது மீட்டர் உயரத்தில் ஹார்னஸிலிருந்து எழுந்து காலைத் தொங்கவிட வேண்டும். காற்றோடு ஒரு ஓட்டம், குறுக்கே ஒன்று, பிறகு காற்றை எதிர்த்து நேராக. பதினைந்து மீட்டருக்குக் கீழே திருப்பம் கூடாது. திருப்பத்தின் ஊசலில் இருக்கும்போது தரை வந்துவிட்டால் பக்கவாட்டில் அடிப்பீர்கள். கடைசி நேர்ப்பாதையில் கைகள் மேலே, முழு வேகம். தரை ஒரு ஆள் உயரத்துக்கு வந்ததும் பிரேக்கை சீராக இடுப்பு வரை இழுத்து நிறுத்துவது. எல்லாரும் நான்கைந்து மீட்டரிலேயே பயந்து இழுப்பார்கள். விங் அங்கேயே வேகத்தை இழந்து பின்தங்கும், ஆள் தொப்பென்று விழுவார். இழுத்தது சீக்கிரம் என்று பாதியில் தெரிந்துவிட்டால் கையைச் சட்டென்று மேலே விடாதீர்கள். விங் முன்னே பாய்ந்து தரையில் குத்தும். இருக்கும் இடத்திலேயே கையைப் பிடித்து வைத்து, தரை நெருங்கும்போது மிச்சத்தை இழுங்கள், கால்களைச் சேர்த்து மடக்கிப் பக்கமாக உருளுங்கள். காற்று பின்னாலிருந்து வருகிறது என்று கடைசியில் தெரிந்தாலும் திருப்பாதீர்கள். வேகமாக ஓடி இறங்குவது தாழ்வாகத் திரும்புவதைவிட மேல். மைதானத்தைச் சுற்றி படிப்படியான வயல்கள், மின்கம்பிகள். கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தால் கம்பிக்குத்தான் போவீர்கள். போக வேண்டிய வெற்றிடத்தைப் பார்க்கப் பழக்குவதும் பள்ளியின் வேலை.

இனி இருவராகப் போவதில் இருக்கும் விவகாரம். முதல் கேள்வி எடை. கணவர் 82 கிலோ, மனைவி 54 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விங், ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து கிலோ கூட்டினால் 97, 69. ஒவ்வொரு விங்கிலும் தைத்திருக்கும் லேபிளில் 55 முதல் 75 வரை, 85 முதல் 105 வரை என்பது போல எடை வரம்பு அச்சிட்டிருக்கும். இந்த இருவரும் ஒரே விங்கில் பறக்க முடியாது. 69 கிலோவை 85-105 விங்கில் ஏற்றினால், விங் மந்தமாகும், எதிர்க்காற்றில் முன்னேறாது, காற்று தட்டினால் எளிதில் மடியும். 97-ஐ சின்ன விங்கில் ஏற்றினால் ஓட்டமும் இறக்கமும் வேகமாகி, மடிந்தால் விங் முரட்டுத்தனமாகத் திருப்பும். "மீடியம் எல்லாருக்கும் சரியாக இருக்கும்" என்று சொல்லும் பள்ளியிடம் சின்ன சைஸ் இல்லை என்று அர்த்தம். பெண்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் பயிற்சி சரியாக வரவில்லை என்ற புகாரில் பாதி இந்த சைஸ் பிரச்சினை. லேபிளில் ஈ.என். ஏ என்ற, ஆரம்பநிலைக்கும் ஏற்ற விங்குக்கான ஐரோப்பியத் தரச் சான்றும் இருக்க வேண்டும். ஓசோன் மோஜோ, ஜின் பொலேரோ, அட்வான்ஸ் ஆல்பா எல்லாம் அந்த வகுப்பு. பி வகுப்பு விங்கை "இதுவும் லேசுதான்" என்று மாணவரிடம் நீட்டுவது தவறு.

இரண்டாவது, வேகம். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே அளவு கற்க மாட்டார்கள். காற்று குறைந்த நாளில் கனமானவர் கூடுதல் வேகத்துக்கு ஓட வேண்டும், இலேசானவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார். காற்று ஏறிய நாளில் இலேசானவரை விங் பின்னோக்கி இழுத்துச் செல்லும், அவரைத்தான் பயிற்சியாளர் முதலில் நிறுத்தச் சொல்வார். ஒருவர் மேலே போனதும் மற்றவருக்கு "நானும் போயே ஆக வேண்டும்" என்ற உந்துதல் வரும். கெட்ட டேக் ஆஃப்களில் பலவற்றுக்கு அதுதான் விதை. ஆளுக்குத் தனித்தனி பயிற்சிப் பதிவேடும் தனித்தனி முன்னேற்றமும் உண்டா, ஒருவருக்குக் கூடுதல் நாள் தேவைப்பட்டால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஜோடி பேக்கேஜ் என்று தள்ளுபடி கொடுத்து, இருவரையும் ஒரே மாணவர் போல நடத்தும் பள்ளி வேண்டாம்.

மூன்றாவது சின்ன விஷயம் போலத் தெரியும்: தரையில் இருப்பவர் பறக்கும் துணைக்குக் கத்திச் சொல்லிக் கொடுப்பது. ரேடியோவில் ஒரு குரல், கீழிருந்து இன்னொரு குரல் என்றால் காற்றில் இருப்பவர் இரண்டையும் தவறவிடுவார். ரேடியோவில் அழைக்கும் பெயர்களும் குழம்பக் கூடாது. ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாக இருந்தால், விங் நிறத்தைச் சொல்லி "சிவப்பு, இடது" என்று அழைக்கச் சொல்லுங்கள். ஒருவர் பறக்கும்போது மற்றவர் வேலை வீடியோ எடுப்பது மட்டும். அந்த வீடியோ இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சியாளரோடு பார்க்கும்போது, கோர்ஸில் கிடைக்கும் மிகப் பயனுள்ள பாடமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் தனியாக வந்தவரைவிட இருவராக வந்தவர்களுக்கு லாபம் அதிகம்.

பருவம். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத் தடை. அந்த நாட்களில் யாராவது பறக்க வைக்கிறேன் என்றால் சட்டத்துக்கும் புத்திக்கும் வெளியே. மார்ச் முதல் ஜூன் வரை தெர்மல் முரட்டுத்தனமாக இருக்கும், பிற்பகலில் மலைக்குப் பின்னால் இடிமேகம் கிளம்பும், அனுபவசாலிகளுக்குப் பரவாயில்லை. புதியவர்களுக்கு அக்டோபர், நவம்பர்தான். வானம் தெளிவு, காற்று நிதானம். ஆனால் அக்டோபரில் உலகம் முழுக்க இருந்து பைலட்டுகள் வந்து குவிவார்கள். டேக் ஆஃபில் டேண்டம் வரிசை, மேலே ஒரே தெர்மலில் பத்துப் பதினைந்து விங். மாணவருக்கு அந்தக் கூட்டம் ஆகாது. நவம்பர் நடுவாக்கில் போனால் குளிர் கூடினாலும் வானம் காலியாக இருக்கும். எந்த மாதமானாலும் மாணவர் பறக்கும் நேரம் வெயில் சூடேறும் முன் காலையும், நான்கு மணிக்குப் பிறகான மாலையும்தான். நடுப்பகலில் பில்லிங்குக்கு ஏற்றினால் மறுத்துவிடுங்கள். பணம் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

இதனால் நாட்கணக்கு மாறும். ஏழு நாள் கோர்ஸுக்குப் பத்து நாள் ஒதுக்க வேண்டும். காற்று சரியில்லாமல் வீணாகும் நாளை வீணாகாத நாளாக மாற்றுவது பள்ளியின் கையில் இருக்கிறது: வானிலை பாடம், வான்வழி விதிகள், ரிசர்வ் எறியும் பயிற்சி. விதிகளில் மூன்று மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிரெதிரே வந்தால் இருவரும் வலதுபுறம் ஒதுங்க வேண்டும். மலைச் சரிவு ஒருவருக்கு வலப்பக்கம் இருந்தால் அவருக்கு முன்னுரிமை, மற்றவர் வழிவிட வேண்டும். தெர்மலில் முதலில் நுழைந்தவர் சுற்றும் திசையிலேயே எல்லாரும் சுற்ற வேண்டும். ரிசர்வ் பயிற்சிக்குக் கூரையிலிருந்து ஹார்னஸைத் தொங்கவிட்டு உட்கார வைப்பார்கள். கைப்பிடியைப் பார், பிடி, இழு, காலியான பக்கம் வீசு, பிறகு விங்கைச் சுருட்டி உள்ளே இழு. கடைசிப் படியைப் பல பள்ளிகள் சொல்லாமல் விடுகின்றன. விங்கை இழுக்காவிட்டால் அதுவும் ரிசர்வும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு, இறங்கும் வேகம் கூடிவிடும்.

பணம். பி1, பி2 சேர்த்து ஆளுக்கு முப்பதாயிரத்தில் தொடங்கி ஐம்பதாயிரத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். தொகையைவிட அதற்குள் என்ன அடக்கம் என்பது முக்கியம்: பில்லிங் ஜீப் கட்டணம் தனியா, பறத்தல் எண்ணிக்கை உறுதியா, மழையாலோ காற்றாலோ நின்றுபோனால் மிச்ச நாளை அடுத்த சீசனில் எடுக்கலாமா, ரிசர்வைத் திறந்துவிட்டால் மறுபடி மடிக்கும் செலவு யாருடையது. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பி1-க்கு மட்டும் கட்டி, தரைப் பயிற்சியைப் பார்த்துவிட்டு பி2-க்குக் கட்டுவது நல்லது. மணாலியில் இருக்கும் அரசின் அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் பாராகிளைடிங் கோர்ஸ் நடத்துகிறது. ஆனால் தேதி குறித்த வகுப்பு, சுற்றுலா இடைவெளியில் நுழைக்க முடியாது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றதா என்று தாளைக் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பாராகிளைடிங் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பாலிசியின் விலக்குப் பட்டியலை வாசித்துவிட்டு, தேவையானால் சாகச விளையாட்டுக்கான கூடுதல் பாதுகாப்பை வாங்குங்கள். மலையில் மீட்பு ஹெலிகாப்டர் செலவு கோர்ஸ் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

போய்ச் சேருவது: டெல்லியிலிருந்து இரவுப் பேருந்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, இறங்கிய அன்றே விங்கைத் தொட வேண்டாம். இருப்பதில் கிட்டத்தில் உள்ள விமான நிலையம் காங்க்ரா, ஆனால் மேகம் வந்தால் விமானம் ரத்தாகும். ரயிலில் வருகிறவர்கள் பதான்கோட்டில் இறங்கிச் சாலை வழியாக வரலாம். தங்குவது லேண்டிங் மைதானத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கட்டும்; காலை ஏழு மணிக்குப் புல்லில் நிற்க வேண்டியவருக்கு மேல் பீரின் அழகான அறை பிரயோசனப்படாது. திபெத்தியக் காலனியில் சூடான துக்பாவும் மோமோவும் கிடைக்கும். பறக்கும் காலையில் அரை வயிறு போதும். கணுக்காலை மூடும் காலணி, கையுறை, முழுக்கை மேலங்கி மூன்றும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

பள்ளியில் சேரும் முன் செய்யக் கூடிய எளிய சோதனை ஒன்று. கிட்டங்கியில் தொங்கும் ஹார்னஸ் ஒன்றை எடுத்து, ரிசர்வ் கடைசியாக மடித்த தேதியைக் காட்டச் சொல்லுங்கள். ரிசர்வை ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடத்துக்கு ஒரு முறை பிரித்து மடித்திருக்க வேண்டும். தேதி எழுதிய சின்ன அட்டையோ பதிவேடோ இருக்கும். விங்குக்கும் துணி, கயிறு சோதித்த தாள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறை அல்லது நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை. வெயிலில் நாளெல்லாம் விரித்துக் கிடந்த நைலான் துணி வெளுத்து, விரலால் தேய்த்தால் மொறமொறப்பு போய்த் தொளதொளவென்று இருக்கும். தேதியைக் கேட்டதும் உடனே எடுத்துக் காட்டுகிற பள்ளியில் கையெழுத்துப் போடலாம். "அதெல்லாம் சரியாக இருக்கிறது சார், கவலைப்படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால், பக்கத்துப் பள்ளி இரண்டு நிமிட நடையில்தான் இருக்கும்.